கோயில் மலையைப் பார்த்துப் பூட்டிய பெடல்

கையில் ஆழி ஏந்திய பெருமாளே, ஒருநாளும் பஞ்சர் ஆகாத அந்த ஒற்றைச் சக்கரத்தின் உரிமையாளனே! மலையுச்சிக் குகைக்குள் குளிர்ந்து அமர்ந்திருக்கும் சேர்வராயனே! என் கடைக்கு எதிர்ச் சந்தில் வீற்றிருந்து, கிரீஸ் கறை படிந்த என் கும்பிடுகளை ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொண்ட பிள்ளையாரே! எழுத வந்திருப்பது ஸ்பேனர் பிடித்த கை. அது சரியாக இறுக்கிய இடங்களைப் பற்றிப் பெருமை பேசாமலும், பிழையாக இறுக்கிய இடங்களை மறைக்காமலும் எழுதி முடிக்கத் துணை நில்லுங்கள்.

இன்று தை மாதம், வளர்பிறைப் பஞ்சமி, ரேவதி நட்சத்திரம் கூடிய வியாழக்கிழமை. பஞ்சாங்கத்தை இருமுறை பார்த்த பிறகே பேனாவைத் திறந்தேன். மலை முழுவதும் காப்பிப் பழம் பறித்து முடிந்து, முற்றங்களில் கொட்டை காயும் பருவம் இது. நான் சொல்லப்போவதும் காப்பிப் பழம் சம்பந்தப்பட்டது என்பதால் நாளும் கதையும் தாமாகவே பொருந்திக்கொண்டன.

ஏற்காட்டு ஏரிக்கரையில் வாடகைச் சைக்கிள்களைப் பழுது பார்க்கும் தம்பிகளே, சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் மிதித்தே ஏறி வருகிறவர்களின் விலையுயர்ந்த வண்டிகளைத் தொட்டுப் பழகும் தங்கைகளே! போன மாதம் உங்களில் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். சைக்கிளில் எல்லாத் திருகாணியும் வலமாகச் சுற்றினால் இறுகும்போது, பி.பி.யின், அதாவது பெடல் அச்சு சுழலும் அடிக்குழாயின், வலப்பக்கக் கப்பு மட்டும் ஏன் இடமாகச் சுற்றினால் இறுகுகிறது என்பது அந்தக் கேள்வி. "அது அப்படித்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது சோம்பல் பதில். அந்தப் பதிலை நாற்பது ஆண்டுகளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்ததால் ஒருநாள் மஞ்சக்குட்டையில் ஒரு நல்ல மனிதர் மூன்று முறை கீழே விழுந்தார். முழுப் பதிலை இப்போது தருகிறேன்.

முதலில் விதியைக் கற்ற கதை, அது சிறியது. தொழிலுக்கு வந்த முதல் ஆண்டு, சேலத்தில் ஒரு கடையில் இருந்தேன். காலையில் கோயிலுக்குப் போய் மூன்று முறை வலம் வந்துவிட்டுத்தான் கடை திறப்பேன். இறைவனையே வலமாகச் சுற்றுகிறவனுக்கு ஒரு இரும்புக் கப்பை இடமாகச் சுற்ற மனம் வருமா? ஒரு தபால்காரரின் வண்டியில் வலப்பக்கக் கப்பை வலமாகவே வைத்து, ஏறவில்லை என்றதும் ஸ்பேனரின் வாலில் ஒரு நீளக் குழாயைச் செருகி, பக்திப் பெருக்கோடு அழுத்தினேன். பி.பி. குழாயின் உள்மரை முழுவதும் தேங்காய்த் துருவலைப் போல உதிர்ந்து வந்தது. கடை முதலாளி என்னைத் திட்டவில்லை. பாழான அந்தத் துண்டை அறுத்தெடுத்து, கடை வாசலில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினார். தினமும் படத்துக்குக் கற்பூரம் காட்டும்போது அதற்கும் சேர்த்துக் காட்டினார். அவ்வளவுதான். அன்றிலிருந்து வலது கப்பு இடமாக, இடது கப்பு வலமாக என்பதை நான் உறக்கத்திலும் மறந்ததில்லை. இடது பெடலுக்கும் இடமாக இறுகும் இடது மரை என்பதும் அப்படியே மனத்தில் பதிந்தது.

விதி பதிந்ததே தவிர, காரணம் பதியவில்லை. காரணம் தெரியாமலே நாற்பது ஆண்டுகள் நன்றாகப் பிழைத்தேன். அதுதான் ஆபத்து.

கடையை ஒப்படைத்துவிட்டு ஓய்ந்திருந்த இரண்டாம் ஆண்டு, மஞ்சக்குட்டையிலிருந்து ராமாயி என்ற விவசாயி என்னைத் தேடி வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். சரிவில் தாமே நட்டு வளர்த்த காப்பிச் செடிகள் அவருடையவை. ஒவ்வோர் ஆண்டும் பழத்தைப் பறித்து அப்படியே ஜீப்பில் ஏற்றி எஸ்டேட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே அது பெரிய தொட்டியில் பத்துப் பேர் பழத்தோடு கலந்துவிடும். அந்த ஆண்டு அவர் பழந்தோல் உரிக்கும் பழைய கை இயந்திரம் ஒன்றை, பல்பர் என்பார்களே, அதை வாங்கிச் சிமெண்டில் பதித்து வைத்திருந்தார்.

"ஏனுங்க மேஸ்திரி, கையில சுத்தி மாளலீங்க. நாலு கூடைக்கே தோளு உட்டுப் போவுது. சைக்கிளு மாதிரி மிதிச்சு ஓட்ட ஏதாச்சும் வழி இருக்குதுங்களா? எங்க ஊட்டுக்காரருக்குக் கால் ரெண்டும் நல்ல பலமுங்க. வாய்தான் இல்ல."

"எஸ்டேட்டுக்கு அனுப்பினால் என்ன அம்மிணி?" என்றேன்.

"ஆறு வருசமா அனுப்பியாச்சுங்க. எம் பழம் எப்படி இருக்கும்னு எனக்கே தெரியாது. ஒரு வருசமாவது எங்க முத்தத்துல காஞ்சு, எங்க அடுப்புல வறுபட்டு, நான் ஒரு வாய் குடிச்சுப் பாக்கோணுங்க."

இதற்கு மேல் ஒருவர் என்ன காரணம் சொல்ல வேண்டும்? உடனே ஒப்புக்கொண்டேன்.

பழைய சைக்கிள் சட்டம் ஒன்றை எடுத்து, முன் கவட்டையையும் பின் கவட்டையையும் அறுத்துத் தள்ளி, சீட்டும் பி.பி.யும் மட்டும் மிஞ்சும்படி செய்தேன். புது அச்சு, புதுக் கப்புகள், பெடலைத் தாங்கும் புதுக் கிராங்கு, புதுப் பெடல். பல்பரின் தண்டில் ஒரு சிறிய பல்சக்கரத்தை அசையாமல் பற்றவைத்து, இரண்டையும் செயினால் இணைப்பது என் திட்டம். மரச் சட்டத்தின்மேல் நாலு போல்ட்டில் சைக்கிளை நிறுத்த வேண்டியதுதான் பாக்கி. எந்தத் திசை பார்த்து நிறுத்துவது என்ற இடத்தில்தான் நான் புத்திசாலியானேன்.

அவர்கள் முற்றத்திலிருந்து பார்த்தால் சேர்வராயன் கோயில் மலை எதிரே தெரியும். பல்பர் முற்றத்தின் இந்தக் கோடியில். பல்பரைப் பார்த்து உட்கார்ந்து மிதித்தால் மலைக்கு முதுகு காட்ட வேண்டும். என் மனம் ஒப்பவில்லை.

"மலையைப் பார்த்து உட்காரட்டும்" என்றேன். "நாளெல்லாம் உழைக்கும் மனிதர். தலை நிமிர்ந்தால் சாமி தெரிய வேண்டும்."

ராமாயி பல்பரின் தண்டைக் கையால் சுற்றிப் பார்த்தார். "அப்படி வச்சா பல்பரு தலைகீழா சுத்துமுங்களே. பின்னால மிதிக்கோணுங்களா?"

அதற்கு நான் சொன்ன பதிலை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது. "கால் முன்னால் போனால் என்ன, பின்னால் போனால் என்ன அம்மிணி? மனம் முன்னால் போனால் போதும்" என்றேன். சொல்லிவிட்டு மலையைப் பார்த்துக் கையும் கூப்பினேன். ராமாயியின் கணவர் மாரிமுத்து ஏறி அமர்ந்து, பின்னால் மிதித்துப் பார்த்து, தலையசைத்தார்.

புது வண்டிக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பது வழக்கம். இந்த வண்டிக்குச் சக்கரமே இல்லை. எங்கே வைப்பது என்று கூடிப் பேசி, கடைசியில் பழத்தைப் பல்பரின் வாயிலேயே போட்டு மிதித்தோம். ஆக, அந்த இயந்திரம் உரித்த முதல் பழம் எலுமிச்சை. வெள்ளோட்டத்துக்கு அரைக் கூடை காப்பிப் பழமும் போட்டோம். அழகாக ஓடியது. இடது பெடல் கொஞ்சம் தளர்ந்தாற்போல் இருந்ததை நான் கவனித்தேன். புதுப் பெடல், மாரிமுத்துவின் பாரம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு இறுக்கிவிட்டு வந்தேன். காரணம் தெரியாதவனுக்குச் சமாதானங்களுக்குப் பஞ்சமில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு பிற்பகல். வாசலில் ஜீப் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் சடையன், மாரிமுத்துவின் தம்பி.

"ஏறுங்க மேஸ்திரி. உங்க தேரு நின்னு போச்சு."

"என்ன ஆயிற்று?"

"பெடலு கழண்டு போச்சுங்க. அண்ணன் உருண்டு பழக் குமியில உழுந்துட்டாரு. பல்பரு உரிச்சது பாதி, அண்ணன் நசுக்குனது பாதி."

வழி நெடுகச் சடையன் நிலைமையைச் சொன்னார். அன்றைக்குத்தான் முதல் பெரிய பறிப்பு. ஆள் வைத்து விடியற்காலையிலிருந்து பறித்த பழம் முற்றத்தில் குவிந்து கிடந்தது. பறித்த பழத்தை அன்றே உரிக்காவிட்டால் குவியலுக்குள் சூடேறிப் புளித்துவிடும். அதற்குப் பிறகு அந்தக் காப்பியின் வாசம் திரும்பாது. எஸ்டேட் கணக்கரான ரைட்டரிடம் சடையன் பேசி வைத்திருந்தார். நாலு மணிக்கு ஜீப் புறப்பட்டால் பழத்தை எடுத்துக்கொள்வார்கள். அதற்கு மேல் எடுக்க மாட்டார்கள்.

"நான் காலையிலயே சொன்னனுங்க, ஏத்தி உட்ரலாம்னு. அண்ணி கேக்கோணுமே! மேஸ்திரி வருவாரு, மேஸ்திரி வருவாருன்னு உக்காந்திருக்குது. நீங்க வந்து என்னத்த பண்ணுவீங்க? பாட்டுப் பாடுவீங்க."

நான் வேலை செய்யும்போது பாசுரம் முணுமுணுப்பது ஊரறிந்த வழக்கம்.

முற்றத்தில் மாரிமுத்து உடம்பெல்லாம் சிவந்த சாற்றோடு நின்றார். குவியல் அவர் இடுப்புயரம் இருந்தது. கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். நடுவில் வெதுவெதுப்பு தொடங்கியிருந்தது. ராமாயி என்னிடம் குறையேதும் சொல்லவில்லை. "வாங்க மேஸ்திரி. மோர் இப்பக் குடிக்கறீங்களா, பொறவு குடிக்கறீங்களா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த நம்பிக்கை எனக்குச் சுமையாக இருந்தது.

இடது பெடலை எடுத்துப் பூட்டி, முழு பலத்தோடு இறுக்கினேன். மாரிமுத்து ஏறினார். கால் மணி நேரம் ஓடியிருக்கும். இப்போது வலது பெடல் கழன்றது. அவர் மறுபக்கம் விழுந்தார்.

"பரவால்லீங்க" என்றார் சடையன். "அந்தப் பக்கம் உழுந்தாச்சு, இந்தப் பக்கமும் உழுந்தாச்சு. கணக்கு நேராயிருச்சு."

"ஏப்பா கொழுந்தனாரே, வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தா அந்தக் கூடைய எடுத்துக் குடு" என்றார் ராமாயி.

நான் ஸ்பேனரின் வாலில் குழாயைச் செருகினேன். ஆம், நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய அதே தந்திரம். இரண்டு பெடலையும் இறுக்கி, கிராங்கை ஆட்டிப் பார்த்தபோது வேறொன்றும் தெரிந்தது. வலப்பக்கக் கப்பு தன் இடத்திலிருந்து ஒரு நூல் வெளியே வந்திருந்தது. அதையும் இறுக்கினேன். மூன்றாம் முறை மாரிமுத்து ஏறினார், கொஞ்சம் தயக்கத்தோடு, முன்னெச்சரிக்கையாகத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு. பத்தே நிமிடம். இடது பெடல் விழுந்தது. அவரும் விழுந்தார்.

பெடலை எடுத்துப் பார்த்தேன். கிராங்கின் மரை பாதி தின்னப்பட்டிருந்தது. இன்னொரு முறை இப்படிக் கழன்றால் மரை மிஞ்சாது. மாற்றுக் கிராங்குக்குச் சேலம் இறங்க வேண்டும். மணி மூன்றைத் தாண்டிவிட்டது. சடையன் ஜீப்பின் பின்கதவைத் திறந்து வைத்து, ஹாரனை ஒருமுறை தட்டினார். அவசரப்படுத்த அல்ல என்பதுபோல் மெதுவாகத்தான் தட்டினார். அது இன்னும் மோசம்.

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்கும் இது வரும். வேலை ஒருமுறை தோற்றால் கை இன்னும் வலுவாக இறுக்கச் சொல்லும். இரண்டாம் முறை தோற்றால் குழாய் தேடச் சொல்லும். மூன்றாம் முறை யாரையாவது குறை சொல்லச் சொல்லும். மாரிமுத்துவின் பாரம், பெடல் செய்தவனின் தரம், ஏன், அந்த எலுமிச்சம்பழத்தைக்கூட நான் அந்தக் கணத்தில் சந்தேகப்பட்டேன்.

ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடி வேண்டினேன். இறைவன் பதில் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வேண்டுவதற்குக் கைகள் இரண்டும் தேவைப்பட்டதால் ஸ்பேனர் தரையில் கிடந்தது. அன்று முதல்முறையாக, இறுக்குவதை நிறுத்திவிட்டுப் பார்க்கத் தொடங்கினேன்.

சட்டைப்பையில் காலையில் பிள்ளையாரிடம் வாங்கிய குங்குமம் மடித்திருந்தது. அதைக் கொஞ்சம் கிரீஸில் குழைத்தேன். பெடலைப் பூட்டி, பெடலின் தண்டும் கிராங்கும் சேரும் இடத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். கப்பும் சட்டமும் சேரும் இடத்தில் இன்னொரு கோடு.

"பொட்டு வச்சா நிக்குமுங்களா?" என்றார் சடையன்.

"நிற்காது. எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லும்" என்றேன். "மாரிமுத்து, ஏறுங்கள். முப்பது சுற்று மட்டும். பழம் போட்டு மிதியுங்கள்."

மாரிமுத்து என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், பெருமூச்சு விட்டு ஏறினார். முப்பது சுற்று. இறங்கியதும் குனிந்து பார்த்தேன். கோடுகள் இரண்டும் உடைந்திருந்தன. பெடலின் பாதி ஒருபுறம், கிராங்கின் பாதி ஒருபுறம். ஒரு எள்ளளவுதான் விலகல். விலகிய பக்கம், கழற்றும் பக்கம். கப்பிலும் அப்படியே.

அப்போதுதான், நரைத்த தலையோடு, எனக்குப் புரிந்தது. அச்சு ஒரு பக்கம் சுழலும்போது, அச்சுக்கும் கப்புக்கும் நடுவிலுள்ள பேரிங் குண்டுகள் பாரத்தோடு உருண்டு, தம்மைத் தாங்கும் கப்பை எதிர்ப்பக்கமாக மயிரிழை மயிரிழையாகத் தள்ளப் பார்க்கின்றன. பெடலுக்குள்ளும் அதே கதை. அந்தத் தள்ளலைத் தடுக்க முடியாது என்று கண்ட யாரோ ஒரு மகான், அது இறுக்கமாகவே போய் முடியட்டும் என்று ஒரு பக்கத்துக்கு மட்டும், கப்பில் வலப்பக்கம், பெடலில் இடப்பக்கம், இடது மரை வெட்டிவைத்தார். முன்னோக்கி மிதிக்கும் மனிதனுக்காக வெட்டிய மரை அது. நாமோ பின்னோக்கி மிதித்தோம். மிதிக்க மிதிக்க, மாரிமுத்து தம் வலுவான கால்களால் தம் பெடல்களைத் தாமே கழற்றிக்கொண்டிருந்தார். அவரை அப்படி உட்காரவைத்தவன் நான்.

உடனே ஒப்புக்கொண்டேனா? இல்லை. முதலில் சுற்றி வளைத்தேன்.

"அம்மிணி, இந்தப் பல்பரைத் திருப்பி வைக்க முடியுமா?"

"சிமெண்டு போட்டாச்சுங்களே. தண்ணி வாய்க்காலும் இந்தப் பக்கந்தான். உடைக்கோணுங்களா?"

"வேண்டாம், வேண்டாம்."

"அப்ப என்னங்க? சொல்லுங்க."

சொன்னேன். தப்பு பெடலில் இல்லை, உங்கள் வீட்டுக்காரர் பாரத்திலும் இல்லை, நான் திசை சொன்னதில் இருக்கிறது. சைக்கிளைத் திருப்பிப் பல்பரைப் பார்த்து வைத்து முன்னால் மிதித்தால் கழலாது என்றேன். சடையன் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. நாலு பேரும் ஒரே நேரத்தில் மலையைத் திரும்பிப் பார்த்தோம். மேகம் விலகி, கோயில் மலை அன்றைக்கென்று பளிச்சென்று தெரிந்தது.

"ஆனால் சாமிக்கு முதுகு காட்ட வேண்டுமே" என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

ராமாயி கணவர் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, போன திருவிழாவுல நம்மூரு மாரியம்மன் தேர வடம் புடிச்சு இழுத்தீங்களே, அப்ப சாமி எங்க இருந்துச்சு?"

மாரிமுத்து தலைத் துண்டை அவிழ்த்தார். அன்று அவர் பேசிய முதல் வார்த்தை அது. "முதுகுக்குப் பின்னால."

"சாமி கோவிச்சுக்கிச்சா?"

"இல்ல. நல்லா வந்துச்சு."

"கேட்டுக்கிட்டீங்களா மேஸ்திரி? தேரு இழுக்கறவன் அத்தன பேரும் சாமிக்கு முதுகு காட்டித்தான் இழுக்கறான். திரும்பி நின்னு கும்புட்டுக்கிட்டே இருந்தா தேரு எப்பங்க நகரும்?"

எத்தனை ஆண்டுகள், எத்தனை பாசுரம், எத்தனை தேர்! வடத்தை நானும் பிடித்திருக்கிறேன். என் முதுகு எந்தப் பக்கம் இருந்தது என்று ஒருமுறைகூட எண்ணிப் பார்த்ததில்லை. அந்த அம்மையாரின் காலைத் தொட்டிருப்பேன். வயது குறுக்கே நின்றது.

"சரி, திருப்பலாம்" என்றேன்.

"நில்லுங்க" என்றார் ராமாயி. இப்போது அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. "மணி மூணே முக்கால். ஜீப்பு போயிருச்சுன்னா இந்தப் பழத்துக்கு வேற வழி இல்லீங்க. நீங்க சொல்லுங்க. அனுப்பறதா, வேண்டாமா?"

தொழிலில் இதுதான் கடினமான இடம், பிள்ளைகளே. வந்ததிலிருந்து நான் சொன்ன ஒவ்வொன்றும் பிழையாகியிருந்தது. "நிச்சயம் ஓடும்" என்று சொல்ல நாக்கு கூசியது. "அனுப்பிவிடுங்கள்" என்று சொன்னால் என் தோல் தப்பும். அவருடைய ஆறு வருட ஆசை மறுபடியும் யாரோ ஒருவரின் தொட்டியில் கலந்துவிடும். எனக்கு எது தெரியும், எது தெரியாது என்று பிரித்துச் சொல்வது ஒன்றே நேர்மை என்று பட்டது.

"அம்மிணி, இதுவரை நான் காரணம் தெரியாமல் இறுக்கினேன். இப்போது காரணம் தெரியும். ஆனால் தின்னப்பட்ட அந்த மரை தாங்குமா என்பது எனக்குத் தெரியாது. ஒரு சோதனை இருக்கிறது. பெடலை ஸ்பேனர் போடாமல் விரலால் மட்டும் திருகிவிடுகிறேன். நான் சொல்வது பொய்யென்றால் ஐந்து நிமிடத்தில் விழும், ஜீப் போகலாம். மெய்யென்றால், அது தானாக இறுகும்."

"அஞ்சு நிமிசந்தானே?" என்று எழுந்தவர் சடையன். "அண்ணி, நான் ரைட்டருக்குப் போனு போட்டு நாலே கால்னு சொல்றேன். மேஸ்திரி, போல்ட்டு எந்த நம்பருங்க? எங்கிட்ட ஜீப்பு ஸ்பேனரு இருக்குது."

நாலு போல்ட்டையும் அவரே கழற்றினார். சட்டத்தைத் திருப்பி, செயின் நேராக வரும்படி ஒரு சாண் நகர்த்தி வைத்தோம். கப்பை உட்காரவைத்து இறுக்கினேன். பெடல்கள் இரண்டையும், எல்லோரும் பார்க்க, இரண்டு விரலால் திருகி விட்டேன். ஸ்பேனரை எடுத்து ராமாயியின் மடியில் வைத்தேன், என் கை சபலப்படக் கூடாது என்று.

மாரிமுத்து ஏறவில்லை. மூன்று முறை விழுந்தவருக்கு நாலாவது முறை கேட்க எங்களுக்கும் வாய் வரவில்லை. சடையன் வேட்டியை மடித்துக் கட்டினார். "உழுந்தா நான் உழுந்துக்கறேன்" என்று ஏறினார். சீட்டில் உட்கார்ந்ததும், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, தோளுக்கு மேல் மலையைத் திரும்பிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் பார்த்தேன்.

முன்னால் மிதித்தார். ராமாயி பழத்தைக் கொட்டினார். இந்தப் பக்கம் தோல், அந்தப் பக்கம் வழுவழுப்பான வெள்ளைக் கொட்டை. ஐந்து நிமிடம். பத்து. செயினின் சத்தமும் வாய்க்கால் நீரின் சத்தமும் மட்டுந்தான். பாசுரம்கூட எனக்கு மறந்துபோயிற்று.

கால் மணி ஆனதும் சடையனை நிறுத்தச் சொன்னேன். "நீங்களே கழற்றிப் பாருங்கள் அம்மிணி" என்றேன். ராமாயி இடது பெடலின் தண்டை விரலால் பிடித்துத் திருகினார். அசையவில்லை. முந்தானையைச் சுற்றிப் பிடித்துத் திருகினார். அசையவில்லை. ஒரு சொட்டு பலமும் நான் போடாத பெடல், சும்மா மிதித்ததிலேயே தன்னை இறுக்கிக்கொண்டு நின்றது.

அவர் மலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஜீப்ப ஓரமா நிறுத்து கண்ணு" என்றார் கொழுந்தனிடம். "இன்னிக்கு அது எங்கயும் போவல."

அண்ணனும் தம்பியும் மாறி மாறி மிதித்தார்கள். வாசலில் விளக்கு வைக்கும் நேரத்துக்குள் குவியலின் அடித்தரை தெரிந்துவிட்டது. கடைசிக் கூடையின்போதுதான் எனக்கு மோர் கிடைத்தது.

புறப்படும் முன் சடையன் ஜீப்பின் பக்கக் கண்ணாடி ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்தார். வளைவுகளில் தேவைப்படும் பொருளாயிற்றே என்றேன். "இது பழசுங்க, புதுசு ஒண்ணு வாங்கி வச்சிருக்கறேன்" என்று சொல்லி, பல்பரின் மேல் கம்பியில், மிதிக்கிறவர் கண்ணுக்கு நேராக அதைக் கட்டினார். உட்கார்ந்து பார்த்தேன். முதுகுக்குப் பின்னாலிருந்த கோயில் மலை முழுவதும் அந்த உள்ளங்கையளவு கண்ணாடிக்குள் அமர்ந்திருந்தது.

"இப்பச் சந்தோசமுங்களா மேஸ்திரி? பாட்டு வேணும்னா பாடிக்கோங்க" என்றார்.

பாடினேன்.

மூன்று வாரம் கழித்து ராமாயி ஒரு பொட்டலம் காப்பித் தூள் கொடுத்தனுப்பினார். தாம் குடித்துப் பார்த்ததாகவும், "நல்லாத்தான் இருக்குது, ஆனா எலுமிச்ச வாசம் கொஞ்சம் வருதோன்னு சந்தேகமுங்க" என்றும் சொல்லியனுப்பியிருந்தார். எனக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு டம்ளர் குடித்துப் பார்த்தேன்.

ஆகவே, கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். வலது கப்பு இடமாக இறுகுவது, வண்டி முன்னால் போகப் போக அது தானே இறுக வேண்டும் என்பதற்காக. விதியை மனப்பாடம் செய்யுங்கள். அது உங்கள் நாளைக் காக்கும். காரணத்தையும் கேட்டு வையுங்கள். விதி யாருக்காக எழுதப்பட்டதோ அவர் இல்லாத இடத்தில் அந்தக் காரணந்தான் உங்களைக் காக்கும். மூன்றாம் முறை தோற்றால் ஸ்பேனரைத் தரையில் வையுங்கள். வேண்டிக்கொள்ளும் வழக்கம் இருந்தால் வேண்டிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கையைக் கட்டிக்கொண்டாவது உட்காருங்கள்.

இதை வாசித்தவர்களும், வாசிக்கக் கேட்டவர்களும், கிரீஸ் கையோடு இந்தத் தாளைப் பிடித்துக் கறையாக்கியவர்களும் நலமே வாழ்க. உங்கள் மரைகள் தேயாதிருக்க. உங்கள் குண்டுகள் வற்றாத கிரீஸில் மிதக்க. நீங்கள் விரலால் தொட்டு விட்டதை, மிதித்துப் போகிறவரின் ஓட்டமே இறுக்கிக்கொள்ளட்டும். நீங்கள் எந்தத் திசை பார்த்து உழைத்தாலும், உங்கள் முதுகுக்குப் பின்னே அந்த மலை நிமிர்ந்து நின்று உங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும்.